கோடிச் சேலையும் ரெண்டு லிட்டர் பெட்ரோலும்: அவனியாபுரத்திலிருந்து உசிலம்பட்டிப் பக்கம்

இதுவரை நான் இங்கே எழுதியதெல்லாம் கோயிலுக்குப் போய் வந்த வழிதான். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எங்கே சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கும், எந்தக் கடைக்காரன் சில்லறையில் ஏமாற்றுவான் என்று எழுதினேன். இந்த முறை துக்க வீட்டுக்குப் போன வழியை எழுதுகிறேன். துக்கத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் வழி முதலில் தெரிய வேண்டும். கோயிலுக்கு நாளைக்கும் போகலாம். என் பேத்தி எழுத்துப் பிழை மட்டும் திருத்துகிறாள், விஷயத்தில் கைவைக்க விடுவதில்லை.

போன வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை ஏழே காலுக்குப் போன் வந்தது. என் கூடப்பிறந்த தங்கச்சி தவமணி விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வாக்கப்பட்ட ஊர் உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற ரோட்டில் ஏழு கிலோமீட்டர். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இருக்கிற சண்டையே போதும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை போக வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எங்கள் அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது நானும் அண்ணன் மகன் பாண்டியும்தான். மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் கோடி போய்ச் சேர வேண்டும், பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த வீட்டுப் படியை நான் பதினொரு வருஷமாக மிதிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். தவமணியின் மகன் முருகேசன் அப்போதுதான் கார் வாங்கியிருந்தான். கல்யாணம் முடிந்து அவர்கள் மதுரைக்குத் துணி எடுக்கக் கிளம்பினார்கள். நானும் மதுரைக்குத்தான் திரும்ப வேண்டும். காரில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. முருகேசன் பஸ் ஸ்டாண்டு முன்னால் வண்டியை நிறுத்தி, “பெரியம்மா, ஆளு கூடக் கூட வண்டி பெட்ரோல் குடிக்கும். பஸ்ஸு வரும், ஏறிக்கங்க” என்றான். தவமணி முன் சீட்டில் இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த தாம்பூலப் பையைச் சரிசெய்துகொண்டாள். அந்தப் பை மஞ்சள் நிறம், மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து தப்பாக அச்சடித்திருந்தார்கள். எனக்கு எதுவும் மறக்காது.

சேலைக் கடை திறக்க ஒன்பதரை ஆனது. அரக்குக் கரை வைத்த நூல் சேலை ஒன்று எடுத்தேன். பாண்டி ஷேர் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். கடை வாசலுக்கே வந்துவிட்டான்.

“ஏறுங்க அத்தை. காளவாசல்ல விட்டுட்டு, பின்னாலேயே பைக்ல வாரேன்.”

“ஏன்டா, இந்த வண்டியிலயே வந்துரு. பொறந்த வீட்டுக் கோடி ஆம்பள கையால போகணும்.”

“அங்கிட்டு ஓட்டப் பெர்மிட் இல்ல அத்தை. போனாலும், அம்புட்டுத் தூரம் காலியாத் திரும்பி வந்தா பெட்ரோலும் போச்சு, வண்டிக்காரருக்குக் குடுக்குற வாடகையும் போச்சு.”

காளவாசல் ஒன்பது கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் போகலாம், எங்களுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. துக்கத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தும் பாண்டி வழியெல்லாம் ஆள் ஏற்றினான். பழங்காநத்தம் வருவதற்குள் ஏழு பேர். பூக்கட்டோடு ஏறிய ஒரு பெண் என் பையின் மேல் பாதி உட்கார்ந்துவிட்டாள். “துக்கக் கோடிம்மா” என்றேன். சூடு பட்டவள் மாதிரி எழுந்து அந்தக் கடைசிக்குப் போய் ஒண்டிக்கொண்டாள். அதன் பிறகு அந்த நெரிசலிலும் என் பையின் மேல் ஒருத்தர் விரலும் படவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

சிக்னலுக்குச் சிக்னல் பாண்டி இஞ்சினை நிறுத்தினான். முன்பெல்லாம் சிவப்பு விளக்கில் உறுமிக்கொண்டே நிற்பவன் அவன்.

“ஏன்டா இப்பிடி ஏறுது பெட்ரோல் வெல?” என்று கேட்டேன்.

“எங்கயோ சண்டையாம்ல அத்தை. எண்ணெய்க் கப்பல் வர முடியலையாம்.”

“சண்டை முடிஞ்சா எறங்குமா?”

“அதெப்படி எறங்கும்? அதுக்குள்ள அடுத்த சண்டை வந்துரும்ல.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காளவாசலில் பத்தே முக்காலுக்கு இறங்கினேன். மற்றவர்களிடம் ஆளுக்கு முப்பது ரூபாய் வாங்கினான், என்னிடம் வாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பின்னாலேயே வாரேன் என்றவன் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறான், அதையும் சொல்லாமல் விடக் கூடாது. பாண்டி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

காளவாசலில் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிஷம் நின்றேன். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, நேரம் இருப்பவர்கள் அதற்கே நில்லுங்கள். எனக்கு நேரம் இல்லை. வந்த தனியார் பஸ்ஸில் முப்பத்தைந்து ரூபாய் கொடுத்து ஏறினேன். முன்பு ஒன்று போனால் அதன் வாலைப் பிடித்து இன்னொன்று வருமே என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“மத்தியான டிரிப்பக் கொறைச்சாச்சுத்தா. டீசல் விக்கிற வெலைக்கு காலி சீட்டச் சொமந்துக்கிட்டு ஓட்ட முடியுமா?” என்றார்.

நான் கல்யாணமாகி அவனியாபுரம் வந்த வருஷம் இதே பாதைக்கு ஒன்றே கால் ரூபாய் டிக்கெட். பிறகு ஒன்றே முக்கால், பிறகு ரெண்டரை. ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் சொன்னது ஒரே வார்த்தைதான், எண்ணெய் விலை கூடிவிட்டது. விலை இறங்கியது என்று ரேடியோவில் சொன்ன நாட்களும் உண்டு. அன்றைக்கு எந்தக் கண்டக்டரும் நாலணாவைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த முகங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, ஒருவருக்கு இடது புருவத்தில் வெட்டு.

நாகமலை தாண்டி, செக்கானூரணி தாண்டி பஸ் போனது. வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. மழை பார்த்து விதைக்கிற காடு, காய்ந்து கிடந்தது. மாடுகள் நிழலுக்கு மைல் கல்லோடு ஒட்டி நின்றன. கருமாத்தூர் தாண்டியதும் முருகேசன் போன் செய்தான். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவன் குரல்.

“பெரியம்மா, எங்க வாரீக?”

“கருமாத்தூரு தாண்டிட்டேன்.”

“இங்க கரண்டு இல்ல பெரியம்மா. லைன் வேலையாம், சாயந்திரந்தான் வருமாம். ஆத்தா படுத்திருக்க ஐஸ் பெட்டி ஜெனரேட்டர்ல ஓடுது, பெட்ரோலு தீரப் போகுது. பைக்கெல்லாம் ஊருக்குச் சொல்லப் போயிருச்சு. உசிலம்பட்டியில எறங்கி ஒரு ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வந்துருங்க.”

யாரிடம் யார் பெட்ரோல் கேட்கிறான் பாருங்கள். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாங்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜன்னல் கம்பி கையைச் சுட்டது. அந்த வெயிலில் அவளைப் பெட்டியில்லாமல் போட்டுவைக்க மனசு வரவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு உசிலம்பட்டியில் இறங்கினேன். அன்றைக்கு என்னை விட்டுவிட்டுப் போன அதே பஸ் ஸ்டாண்டு.

பெட்ரோல் பங்கில் ஒரு பெண் வண்டிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிலில் ஊற்ற மாட்டோம் என்றாள். எதிரே ஒரு பட்டறையில் இருபது ரூபாய்க்குப் பழைய ஆயில் கேன் ஒன்று வாங்கினேன். மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பரைக் காணோம். பட்டறைக்காரர் ஒரு பாலித்தீன் தாளை மடித்து வைத்து, “இறுக்கித் திருகிட்டா ஒழுகாதுத்தா” என்றார். துக்க வீடு என்று சொன்ன பிறகு அந்தப் பெண் ஊற்றினாள். ரெண்டு லிட்டருக்கு இருநூற்று நான்கு ரூபாய்.

“நேத்து இந்த வெலைதானா?” என்று கேட்டேன்.

“எங்களக் கேக்காதீகத்தா. காலைல ஆறு மணிக்கு மெஷின்ல தானா மாறி நிக்கும். வர்றவுக திட்டுறது மட்டும் எங்களத்தான்.”

அங்கிருந்து கடைசி ஏழு கிலோமீட்டர். இதுதான் மொத்தப் பயணத்திலும் மோசம், இந்தப் பக்கம் போகிறவர்கள் கவனித்துப் படியுங்கள். ஸ்டாண்டில் முதல் ஆட்டோக்காரர் கேனைப் பார்த்ததும் கையை விரித்தார். இரண்டாமவர் ஏற்றுவேன், ஆறு பேர் சேரட்டும் என்றார். அவர் வண்டியில் நான் ஒருத்திதான். மூன்றாமவர் திரும்பி வருகிற காலி ஓட்டத்துக்கும் சேர்த்து முந்நூறு கேட்டார்.

ஒன்று பத்துக்கு அந்த ஊர் வழியாகப் போகிற மினி பஸ் வந்தது. பத்து ரூபாய். கேன் என்று தெரிந்தால் ஏற்ற மாட்டார்கள். அப்போதுதான் பூக்காரப் பெண் துள்ளி எழுந்தது ஞாபகம் வந்தது. கேனைப் பைக்கு அடியில் வைத்து, கோடிச் சேலையை மேலே வைத்து மூடினேன். துக்கக் கோடியை எவன் கிளறிப் பார்ப்பான்?

ஒருவரும் கிளறவில்லை. மூக்கை யார் தடுப்பது? ரோடு குண்டும் குழியும். மூன்று கிலோமீட்டர் போவதற்குள் கண்டக்டர் பையன் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தான்.

“யாரு பெட்ரோல் வச்சிருக்கது?”

நான் வெளியே பார்த்தேன்.

“ஆத்தா, பைக்குள்ள என்ன?”

“கோடிடா. தொட்டுறாத.”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். ஆனால் போகவில்லை. “கோடி இம்புட்டா வாடை அடிக்கும்?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு, பையிலிருந்து ஒரு சொட்டு என் காலடியில் விழுந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

“எறங்குங்கத்தா. பத்திக்கிருச்சுன்னா இதுல இருக்க அம்புட்டுப் பேருக்கும் சேத்துக் கோடி எடுக்கணும்.”

“சாவுக்குப் போற மனுசிய நடுரோட்டுல எறக்கி விடுறீகளே, நல்லா இருப்பீகளாய்யா?” என்று முன் சீட்டில் ஒரு பெண் சத்தம் போட்டாள்.

“அவுகள யாரு எறக்குனா? கேனத்தான் எறக்குறோம். கேன விட்டுட்டு வாறதுன்னா உக்காரட்டும்.”

நியாயமான பேச்சுதான். கேனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் வெறும் கையோடு போனால் முருகேசன் என்ன சொல்வான்? ரெண்டு லிட்டர் பெட்ரோலுக்குப் பெரியம்மா கணக்குப் பார்த்தது என்று ஊர் முன்னால் சொல்வான். அந்த வார்த்தையை அவன் வாயால் சொல்ல விடுவேனா நான்? கேனோடு இறங்கினேன்.

பஸ் போன பிறகு பையைப் பார்த்தேன். பாலித்தீன் தாள் பெட்ரோலில் சுருங்கிப்போய்க் கிடந்தது. கேனில் பாதிதான் மிச்சம். மற்றதெல்லாம் கோடி குடித்துவிட்டது. பிழிந்தால் சொட்டும்.

மணி ஒன்றரை. நான்கு கிலோமீட்டர் பாக்கி. மரம் இல்லாத ரோடு. சேலையை ஒரு கையிலும் கேனை ஒரு கையிலும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போன பைக்குகள் எல்லாம் கேனைப் பார்த்து வேகம் எடுத்தன. அரை மணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் ஒரு ஆட்டோ சத்தமே இல்லாமல் வந்து நின்றது. இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். டிரைவர் பெயர் காசி, ஐம்பது வயது இருக்கும்.

“எங்கிட்டுத்தா, கேனோட?”

சொன்னேன். கேனை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். “காசு வேணாம். இதுல அரை லிட்டர ஊத்துங்க, வீட்டு வாசல்ல எறக்கி விடுறேன்.”

“நூறு ரூவா தர்றேன்யா. இது பொணத்துக்குப் போற பெட்ரோலு.”

“நூறு ரூவாய வாங்குனா சாயந்திரம் ஃபைனான்ஸ்காரன் வந்து பையில கைய விட்டு எடுத்துக்குவான். டேங்குல ஊத்திட்டா அவன் வந்து உறிஞ்சவா போறான்?”

இந்தப் பக்கம் ஆட்டோக்காரர்கள் கூலியைப் பெட்ரோலாகவே கேட்கிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வேறு வழியில்லை, ஊற்றினேன். அவர் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் பிடித்துக்கொண்டார். மேட்டில் இஞ்சின், பள்ளத்தில் உருட்டல். உருட்டுகிற நேரத்தில் பேசினார்.

“வெளிநாட்டுல பீப்பா வெல ஏறுனா இங்க ஏறும்கிறாக, சரி. அங்க எறங்குனா? வரியப் போட்டுச் சமன் பண்ணிர்றாகளே. ஏறுனது நமக்கு, எறங்குனது அவுகளுக்கு. இப்பக் கரும்புல காச்சுன ஸ்பிரிட்டு வேற கலக்குறாக. இது பழைய வண்டித்தா, அதக் குடிச்சுட்டு முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது.”

சண்டை என்றான் பாண்டி. மெஷின் என்றாள் அந்தப் பெண். வரி என்றார் காசி. யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது, நான் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விலை ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அதை வாங்கிக்கொள்கிறவன் தனக்குக் கீழே இருக்கிறவன் தலையில் இறக்குகிறான். பாண்டி ஏழு பேரை ஏற்றினான். பஸ்காரர் டிரிப்பைக் குறைத்தார். முருகேசன் என்னிடம் சொன்னான். எனக்குக் கீழே யாரும் இல்லை, பையில் இருந்த கோடிச் சேலைதான் இருந்தது.

ரெண்டு இருபதுக்கு வாசலில் இறங்கினேன். மேளம் நின்றிருந்தது. ஜெனரேட்டர் ஒன்றரைக்கே நின்றுவிட்டதாம். தவமணியைப் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் போவதற்குள் முருகேசன் குறுக்கே வந்தான்.

“பெட்ரோல் எங்க பெரியம்மா?”

கோடி எங்கே என்று அவன் கேட்கவில்லை.

அரைக் கேனுக்கும் குறைவாக இருந்ததை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு யாருடைய பைக்கிலோ ஊற்றக் கொடுத்தான். பிறகு கோடியை எடுத்தேன். வாசலே மணந்தது. வெடி போடத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தவனை நாலு பேர் சேர்ந்து விரட்டினார்கள்.

“இதப் போத்தவா?” என்றாள் ஒரு கிழவி.

“அலசிப் போத்துங்க” என்றாள் இன்னொருத்தி.

“அலசுனா அது கோடியா? தண்ணி பட்ட சேலை எப்பிடிக் கோடியாகும்?”

“அப்ப வெயில்ல போடுங்க. பெட்ரோலுதான, பறந்துரும்.”

தவமணியின் கார் மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. தவமணியின் கார் என்றுதான் என் வாயில் வருகிறது, அவள் முன் சீட்டில் உட்கார்ந்த கார். சக்கரம் தரையோடு அமுங்கியிருந்தது. கண்ணாடியில் கோழி எச்சம். அந்தக் காரின் முன்பக்க மூடியில்தான் சேலையை விரித்தார்கள். இரும்பு கொதித்தது. ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை முருகேசன் பிடித்தான்.

“ஏன்டா, வண்டி ஓடலையா?”

“எங்கிட்டு ஓட்டுறது பெரியம்மா? பெட்ரோல் நூறத் தாண்டுனதும் நிப்பாட்டுனேன். அப்பப்ப ஸ்டார்ட் பண்றதோட சரி. விக்கலாம்னா எரும வெலைக்குக் கேக்குறான். டேங்குல கெடந்ததையும் காலைல ஜெனரேட்டருக்கு உறிஞ்சியாச்சு.”

“அன்னைக்கு உசிலம்பட்டியில இதுல என்னைய ஏத்தாம விட்டுட்டுப் போனியே. ஆளு கூடுனா பெட்ரோல் குடிக்கும்னு.”

“நானா? எப்பப் பெரியம்மா?”

நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. “அதுக்கா வராம இருந்தீக? அக்கா ஏன் வர மாட்டேங்குதுன்னு ஆத்தாளும் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு” என்றான்.

நான் அதை நம்பவில்லை. தெரியாமல் இருந்திருக்காது. தாம்பூலப் பையைச் சரிசெய்தாளே.

சேலை கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. வாடை போகவில்லை. அதற்குள் தவமணியின் மகள் செல்வி வந்துவிட்டாள். அவள் பிள்ளைகள் ரெண்டு பேரும் முருகேசன் பிள்ளைகள் மூன்று பேரும் கையில் பந்தத்தோடு நின்றார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடித்துத்தான் எங்கள் பக்கம் அனுப்புவார்கள். வாழ்ந்து முடித்தவர்களுக்கு அது ஒன்றுதான் மரியாதை. தவமணிக்கு இருந்த ஆசையே அதுதான் என்று செல்வி சொன்னாள். அஞ்சு பேருக்கும் துணி சுற்றிப் பந்தம் அவளே முன்கூட்டிக் கட்டிவைத்திருந்தாளாம்.

“இந்தச் சேலையப் போத்தி, பிள்ளைக கையில தீயக் குடுக்கவா? வேற சேலை வாங்கியாங்க” என்றாள் செல்வி.

“பொறந்த வீட்டுக் கோடியக் கடையில வாங்க முடியுமாடி?” என்றேன்.

“நீங்க கொண்டாந்ததும் கடையில வாங்குனதுதான பெரியம்மா?”

சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கையிலிருந்த முனையை நான் விடவில்லை. வயதில் பெரிய பங்காளி ஒருவர் இருந்தார், அவரிடம் போய் நின்றார்கள். ஆம்பள யாரும் வரலையா என்று முதலில் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பிறகு தவமணியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பெட்டி நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உசிலம்பட்டி போய் இன்னொரு சேலை வாங்கி வரும் வரை தாங்காது.

“கோடி இல்லாம எடுக்க முடியாது. பந்தம் இல்லாம எடுக்கலாம்” என்றார்.

போர்த்தினேன். என் கையால்தான் போர்த்தினேன். பிள்ளைகள் அஞ்சு பேரும் கொளுத்தாத பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று வந்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு விவரம் தெரியவில்லை. ஏன் இன்னும் பத்த வைக்கலை என்று அம்மாவைக் கேட்டது. செல்வி என்னைப் பார்த்தாள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெரு முனையோடு நின்றுவிட வேண்டும், நானும் நின்றேன். அவள் போன பிறகும் தெருவில் வாடை நின்றது.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். மதியத்துக்குள் உசிலம்பட்டி போக வேண்டுமென்றால் காளவாசலுக்குப் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், பிறகு பஸ் குறைவு. எழுமலை ரோட்டுக்கு ஸ்டாண்டில் ஆட்டோ பேசும்போது போக எவ்வளவு, காலியாகத் திரும்ப எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெட்ரோல் வாங்கி வா என்று துக்க வீட்டில் யார் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள், பெயர் கெட்டால் கெடட்டும். அதைப் பஸ்ஸில் ஒளித்துக்கொண்டு போகாதீர்கள், அந்த டிரைவர் என்னை இறக்கிவிட்டது சரி. கோடியைத் தனிப் பையில் வையுங்கள். முடிந்தால் ரெண்டு சேலை வாங்குங்கள். கூட வருகிறேன் என்கிற ஆம்பளையை உங்களுக்கு முன்னால் வண்டியில் ஏற்றுங்கள்.

திரும்ப ஐந்து முப்பத்தைந்துக்கு டவுன் பஸ், டிக்கெட் கிடையாது. கிளம்பும்போது செல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூலையில் அந்த அஞ்சு பந்தமும் துணி கருகாமல் சாய்ந்து நின்றன. நான் பையை எடுத்தேன். அவள் நான் போகும் வரை அந்தப் பந்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இனி எத்தனை வருஷத்துக்கு அவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், நான் அந்த வழியில் போய் வந்தவள்தானே.

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது முறை. அன்று அந்த முறை எங்கள் ரெண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.